கத்ரீனா பேரிடர்: புஷ், பிளாங்கோ, நேகின் ஆகியோரில் யாருடைய பிழை பெரிது?

1. கரையோரம்:

2005 ஆகஸ்ட் 29 திங்கட்கிழமை காலை, கத்ரீனா புயல் லூசியானா மாநிலத்தில் பியூராஸ் என்னும் ஊருக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த ஐந்து நாள்கள் நியூ ஆர்லியன்ஸ் நகர மக்கள் கூரைகளின் மேலும், சூப்பர்டோம் விளையாட்டரங்கிலும், மாநாட்டு மையத்தின் வாசலிலும் சோறு தண்ணீர் இல்லாமல் தவித்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. மீட்புப் பணி முடிவதற்கு முன்பே பழி சுமத்தும் சண்டை தொடங்கிவிட்டது. வெள்ளை மாளிகையின் ஆதரவாளர்கள் மாநில ஆளுநர் கேத்லீன் பிளாங்கோவையும் நகரத் தந்தை ரே நேகினையும் சாடினர். அவ்விருவரும் வாஷிங்டனைச் சாடினர். (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு இணையானவர். இதை மறந்தால் இந்த வழக்கே புரியாது.)

பெரும்பிழை கூட்டரசுடையது என்பது என் கருத்து. ஃபெமா எனப்படும் பேரிடர் மேலாண்மை முகமையின் தலைவராக இருந்த மைக்கேல் பிரௌன், அந்த முகமையில் சேர்வதற்கு முன் அரேபியக் குதிரைச் சங்கம் ஒன்றின் ஆணையராகப் பணியாற்றியவர். தனித்து இயங்கிய அந்த முகமை, 2003இல் புதிதாக உருவான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் சேர்க்கப்பட்டது. பயங்கரவாதத் தடுப்பே முதன்மை நோக்கமான அத்துறையில் புயலும் வெள்ளமும் பின்வரிசைக்குப் போயின. செப்டம்பர் 2 அன்று அதிபர் புஷ் அலபாமாவின் மொபீல் நகரில் நின்று, ‘பிரௌனி, நீங்கள் அருமையாகப் பணியாற்றுகிறீர்கள்’ என்று பாராட்டியபோது, மாநாட்டு மையத்தின் வாசலில் சடலங்கள் போர்வை போர்த்திக் கிடந்தன. பத்தே நாள்களில் பிரௌன் பதவி விலக நேர்ந்தது. நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

2. நெடுவழி:

கரையோரம் அவர்களின் மனவேதனையை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. அமெரிக்க அமைப்பில் பேரிடரின் முதல் பொறுப்பு உள்ளாட்சிக்கு, அடுத்தது மாநிலத்துக்கு. அவை கேட்கும் உதவியைத் தருவதுதான் கூட்டரசின் வேலை. இந்த வரிசையை மனத்தில் வைத்து நாள்களை எண்ணிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை: பிளாங்கோ மாநிலத்தில் அவசரநிலையை அறிவித்தார். சனிக்கிழமை: அவர் கேட்டுக்கொண்டபடி புஷ் கூட்டரசு அவசரநிலையை அறிவித்தார். புயல் கரையைக் கடப்பதற்கு இரண்டு நாள் முன்னதாகவே வெளிவந்த அறிவிப்பு அது. இதைக் கூட்டரசின் மெத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. அன்று இரவே தேசியச் சூறாவளி மையத்தின் இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்ட், ஆளுநரையும் நகரத் தந்தையையும் தாமே தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். ஆனாலும் நேகின் கட்டாய வெளியேற்ற ஆணையைப் பிறப்பித்தது ஞாயிறு காலையில்தான். புயல் வருவதற்கு ஒரு முழு நாள்கூட இல்லை. ஒரு லட்சம் பேர் அளவில் சொந்த வண்டி வசதி இல்லாமல் வாழ்ந்த நகரம் அது. நகரத்தின் பள்ளிப் பேருந்துகள் நிறுத்துமிடத்திலேயே வரிசை வரிசையாக வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த புகைப்படத்தை யார் மறக்க முடியும்? சூப்பர்டோமைக் கடைசிப் புகலிடம் என்று அறிவித்தவர்கள், அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாள்கணக்கில் தங்க நேரும் என்று எண்ணவேயில்லை.

பிளாங்கோவையும் விட்டுவிட முடியாது. செப்டம்பர் 2 நள்ளிரவில், ஆளுநரின் கட்டளையில் இயங்கும் தேசியக் காவல் படையையும் கூட்டரசுப் படையையும் ஒரே தளபதியின் கீழ்க் கொண்டுவரும் ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தருமாறு வெள்ளை மாளிகை அவரிடம் கேட்டது. அவர் மறுத்தார். மக்கள் தண்ணீரில் நிற்கும்போது படை யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வழக்காடுவதற்கு அது நேரமல்ல.

3. ஆழிமழை:

ஒரு சந்தேகம். ஆளுநர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அதிபர் தம் அதிகாரத்தில் ராணுவத்தை அனுப்பியிருக்க முடியாதா? பிளாங்கோவின் கையொப்பத்துக்காக எதற்குக் காத்திருந்தார்கள்?

4. கரையோரம்:

ஆழிமழை கேட்டது சரியான கேள்வி. உள்நாட்டில் ராணுவம் காவல்பணி செய்வதை 1878ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; ஆனால் கிளர்ச்சித் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தினால் அதிபர் அந்தத் தடையைக் கடக்கலாம். தெற்கு மாநிலம் ஒன்றின் பெண் ஆளுநரிடமிருந்து, அதுவும் எதிர்க்கட்சிக்காரரிடமிருந்து, அதிகாரத்தைப் பறித்தார் என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்று வெள்ளை மாளிகையில் தயங்கினார்கள். சோறும் தண்ணீரும் கொண்டுசெல்வதற்கோ அந்தச் சட்டம் எந்நாளும் தடையாக இருந்ததில்லை. புஷ் கடைசியில் செப்டம்பர் 3 அன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை அனுப்பியபோது, எந்தக் கையொப்பமும் இல்லாமலேயே அனுப்பினார். அதைச் செவ்வாய்க்கிழமையே செய்திருக்கலாம் அல்லவா?

நெடுவழி சொல்லாமல் விட்டவை சில உண்டு. புயலன்று நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஃபெமா அலுவலர் மார்ட்டி பஹமாண்டி ஒருவர்தான். அவர் திங்கள் மாலை கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டரில் பறந்து, 17ஆம் தெருக் கால்வாயின் வெள்ளத்தடுப்புச் சுவரில் விழுந்த உடைப்பைக் கண்ணால் கண்டு மேலிடத்துக்குத் தெரிவித்தார். அந்தச் செய்தி நள்ளிரவு வாக்கில் வெள்ளை மாளிகையையும் எட்டியது. அப்படியிருந்தும் வியாழக்கிழமை தொலைக்காட்சியில் பேசிய அதிபர், வெள்ளத்தடுப்புக் கரைகள் உடையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றார். அதே நாளில்தான், மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் இருப்பதைத் தாம் அன்றுதான் அறிந்ததாக பிரௌன் சொன்னார். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த எவரும் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

எதிர்பார்க்காத ஒன்றும் அல்ல அது. 2004 ஜூலையில், ஃபெமாவின் பணத்திலேயே, ‘பாம்’ என்று பெயரிட்ட கற்பனைப் புயலை வைத்து ஓர் ஒத்திகை நடந்தது. நகரம் மூழ்கும், அறுபதாயிரம் பேருக்கு மேல் இறக்கக்கூடும் என்பது அதன் கணிப்பு. இது அவர்களின் கோப்பிலேயே இருந்த எச்சரிக்கை.

5. ஹூஸ்டன்வாசி:

அந்த ஆண்டு ஹூஸ்டனில் இருந்தேன். சூப்பர்டோமிலிருந்து பேருந்துகளில் ஏற்றிவரப்பட்டவர்களை ஆஸ்ட்ரோடோம் அரங்கில் தங்கவைத்தபோது, அலுவலக நண்பர்கள் நால்வரோடு அங்கே ஒரு வாரம் உணவு வழங்கும் பணியில் சேர்ந்தேன். எச்சரிக்கை கேட்டும் ஏன் வெளியேறவில்லை என்று இன்றும் பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

நியூ ஆர்லியன்ஸின் கீழ் ஒன்பதாம் வட்டாரத்தைச் சேர்ந்த, எழுபது வயது கடந்த ஓர் அம்மையாரிடம் நானும் அதைத்தான் கேட்டேன்; இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. புயல் வந்த நாள் 29 என்றார். மாதத் தொகை ஒன்றாம் தேதிதான் வரும். கையில் இருந்தது முப்பது டாலரும் சில்லறையும். மருமகனின் காரில் ஐவர் ஏறிவிட்டார்கள்; ஆறாவது இடம் இல்லை. ‘எந்த ஊருக்குப் போவது, எந்த விடுதியில் பணம் கட்டுவது?’ என்று திருப்பிக் கேட்டார். அந்த வாரத்தில் நான் பேசியவர்களில் பலருடைய கதையும் ஏறக்குறைய இதுவே.

யார் மேல் வருத்தம் என்று கேட்டதற்கு அவர் அதிபரையோ ஆளுநரையோ சொல்லவில்லை. கரையை வெடிவைத்து உடைத்தார்கள், அந்தச் சத்தத்தைத் தம் காதால் கேட்டதாகச் சொன்னார். அது வீண் வதந்தி என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் 1927ஐப் பற்றிப் படித்தேன். மிசிசிப்பி ஆறு பெருகிய அந்த ஆண்டில், நகரத்தின் வணிகப் பகுதியைக் காப்பாற்றுவதற்காகக் கீழ்ப்புறத்தில் கார்னார்வான் என்ற இடத்தில் ஆற்றங்கரையை அரசின் அனுமதியோடு வெடிவைத்துத் தகர்த்தார்கள். செயின்ட் பெர்னார்ட், பிளாக்கமின்ஸ் பகுதிகளின் ஏழை மக்கள் வீடிழந்தார்கள். வாக்களித்த இழப்பீட்டில் அவர்கள் கைக்கு வந்தது மிகச் சிறிது. தாயிடமிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர், இரவில் பெரும் சத்தத்தோடு தண்ணீர் வந்தால் வேறு எதை நினைப்பார்?

6. அடித்தளம்:

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணியல் பொறியியல் துறையில் இருப்பவன் என்ற முறையில், அந்த அம்மையாரின் கேள்வியையே இங்கு முதன்மைக் கேள்வியாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். வெடி வைத்ததற்குச் சான்று எதுவும் இல்லை. கீழ் ஒன்பதாம் வட்டாரத்தை ஒட்டிய ‘தொழில் கால்வாய்’ என்னும் கால்வாயின் சுவரைத் தாண்டி விழுந்த நீர், பின்புற மண்ணை அரித்துச் சுவரையே சாய்த்தபோது எழுந்த ஓசை வெடிச்சத்தம் போலத்தான் கேட்டிருக்கும். ஆனால் கரை ஏன் உடைந்தது என்று அவர் கேட்டார் பாருங்கள். இந்த இழையில் அதுவரை எவரும் கேட்காத கேள்வி அது. பேருந்து எப்போது வந்தது, கையொப்பம் எப்போது கிடைத்தது என்றெல்லாம் நாம் வாதிடுவது, நகரத்தின் எண்பது விழுக்காடு நீரில் மூழ்கிய பிறகு நடந்தவற்றைப் பற்றியே. அந்தச் சுவர்கள் நின்றிருந்தால், கூரை பறந்து மரம் சாய்ந்த ஒரு கடுமையான புயலாக கத்ரீனா கடந்துபோயிருக்கும்.

நியூ ஆர்லியன்ஸின் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மழைநீரை எக்கிகளால் இறைத்து, கால்வாய்கள் வழியே வடக்கிலுள்ள பான்சர்ட்ரெயின் ஏரியில் விடுகிறார்கள். புயலின்போது ஏரி பெருகினால் அதே கால்வாய் வழியாக நீர் எதிர்த்து வரும். ஆகவே கால்வாயின் இருபுறமும் மண்கரைமேல் எஃகுத் தகடுகளை இறக்கி, அவற்றின் தலையில் கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள். இதை வடிவமைத்ததும் கட்டியதும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. 1965இல் பெட்சி புயல் நகரத்தை மூழ்கடித்த பிறகு, நாடாளுமன்றம் அந்தப் பொறுப்பைச் சட்டத்தின் மூலம் அப்படையிடம் ஒப்படைத்தது. பதின்மூன்று ஆண்டுகளில் முடிய வேண்டிய திட்டம் நாற்பது ஆண்டு கழித்தும் முடியவில்லை. 2015இல் முடியும் என்று 2005இல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும், நீர் சுவரின் உச்சியை எட்டுவதற்கு முன்பே சுவர் போய்விட்டது. அதாவது, தாங்குவதற்காகவே கட்டப்பட்ட அளவு நீரைக்கூட அது தாங்கவில்லை. 17ஆம் தெருவில் அடியில் இருந்தது நொய்ந்த களிமண்ணும் சதுப்பு மண்ணும். நீரின் அழுத்தத்தால் சுவர் சற்றே வெளிப்புறம் சாய்ந்ததும், சுவருக்கும் கால்வாய்ப் பக்கத்து மண்ணுக்கும் இடையே பிளவு விழுந்தது. நீர் அந்தப் பிளவில் இறங்கி எஃகுத் தகட்டின் அடிவரை சென்று அழுத்த, சுவரும் அதன் பின்னாலிருந்த கரையும் ஒன்றாக வழுக்கி நகர்ந்தன. லண்டன் அவென்யூவில் மணற்பாங்கான அடிமண் வழியே நீர் ஊறிக் கரையின் அடியைக் குடைந்தது.

இந்தப் பிளவு யாரும் அறியாத புதுமை அன்று என்பதுதான் என்னை வாட்டுகிறது. 1985இல் லூசியானாவின் அட்சஃபலாயா பகுதியில் அதே படை எஃகுத் தகட்டுச் சுவரை வைத்து முழு அளவுச் சோதனை ஒன்றை நடத்தியது. நீர் கசியாமல் இருக்க விரித்திருந்த தார்ப்பாய் பிளவை மறைத்துவிட, சோதனையின் முடிவு தவறாகப் பொருள் கொள்ளப்பட்டது. தகடுகளை முன்பு கணக்கிட்டதைவிடக் குறைந்த ஆழத்துக்கு இறக்கினால் போதும் என்று முடிவு செய்து செலவை மிச்சப்படுத்தினார்கள். என் தொழிலில் ஒரு துளையின் ஆழத்தைக் குறைக்கும் கையொப்பத்தை நானும் இட்டிருக்கிறேன். அதனால் இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

2006 ஜூன் 1 அன்று, படையின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் கார்ல் ஸ்ட்ராக், வடிவமைப்பு தோற்றதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பேரழிவு நிகழ்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதற்குள் நாட்டு மக்களின் மனத்தில் பிரௌனின் பெயரும் பேருந்துகளின் படமும் பதிந்துவிட்டன.

7. நெடுவழி:

அடித்தளம் அவர்களுக்கு நன்றி. பேருந்துகளைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் அது இரண்டாவது கேள்வி என்பதை ஏற்கிறேன். அப்போதும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கால்வாய் ஏரியில் சேரும் வாயிலில் கதவு அமைக்கப் பொறியாளர் படை விரும்பியதாகவும், உள்ளூர் வாரியங்களே அதைத் தடுத்ததாகவும் படித்திருக்கிறேன். ஏரியின் கடல்வாயிலில் பெரும் தடுப்பணை கட்டும் பழைய திட்டத்தை, 1977இல் சூழலியல் ஆர்வலர்கள் நீதிமன்றத் தடை பெற்று நிறுத்தினார்கள். இந்தப் பங்குகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

8. அடித்தளம்:

இரண்டும் உண்மை, இரண்டையும் அளவோடு பார்க்க வேண்டும். 1977இல் நீதிமன்றம் தடுப்பணையே கூடாது என்று சொல்லவில்லை. சூழல் பாதிப்பு அறிக்கை போதாது, திருத்திக் கொண்டுவாருங்கள் என்றது. படை அதைத் திருத்துவதற்குப் பதிலாக, கரைகளை உயர்த்தும் மாற்றுத் திட்டத்துக்கு மாறிக்கொண்டது. அந்த மாற்றுத் திட்டத்தின் சுவர்களும் அப்படையின் கணக்கில் எழுந்தவையே. வேறு திட்டம் கைவிடப்பட்டதால் இந்தச் சுவர் வலுவிழக்கவில்லை.

கால்வாய் வாயில் கதவு விஷயம் சற்றுச் சங்கடமானது. கதவை மூடினால் மழைநீரை இறைக்க முடியாமல் நகரம் உள்ளிருந்தே மூழ்கும் என்று கழிவுநீர், குடிநீர் வாரியமும் கரை வாரியமும் அஞ்சின; அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் நாடாளுமன்றம் அவற்றின் பக்கம் நின்று, சுவரையே கட்டச் சொல்லிவிட்டது. இன்று அங்கே கதவுகளோடு புதிய எக்கிகளும் நிறுவப்பட்டுள்ளன. இரண்டையும் சேர்த்துச் செய்திருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. அன்று அதற்கான செலவை ஏற்க எவரும் முன்வரவில்லை. உள்ளூர் வாரியங்களின் பங்கு இவ்வளவுதான். எஃகுத் தகடு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை.

மறுபுறம், புஷ் நிதியைக் குறைத்ததால்தான் கரை உடைந்தது என்று அவருடைய எதிர்ப்பாளர்கள் சொன்னதும் பொருந்தவில்லை. 17ஆம் தெருவில் உடைந்த இடத்தில் சுவர் வடிவமைத்தபடி கட்டி முடிக்கப்பட்டே இருந்தது. பணம் வந்திருந்தாலும் அதே பிழையான சுவர்தான் அங்கே நின்றிருக்கும்.

9. முல்லைநிலா:

சட்டம் பயின்றவள் என்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். பாதிக்கப்பட்டவர்கள் படையின்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2008 ஜனவரியில் நீதிபதி ஸ்டான்வுட் டுவால் படையைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்தபடியே கால்வாய்ச் சுவர் வழக்கைத் தள்ளுபடியும் செய்தார். வெள்ளத்தடுப்புப் பணிகளால் விளையும் வெள்ளச் சேதத்துக்குக் கூட்டரசு பொறுப்பாகாது என்று 1928ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. ஹூஸ்டன்வாசி எழுதிய அதே 1927 வெள்ளத்தை அடுத்து இயற்றப்பட்ட சட்டம் அது.

கப்பல்கள் குறுக்குவழியில் துறைமுகம் சேர்வதற்காக அதே படை வெட்டிய வேறொரு கால்வாய், பராமரிப்பின்றி அகன்று, கீழ் ஒன்பதாம் வட்டாரத்துக்கும் செயின்ட் பெர்னார்டுக்கும் வெள்ளம் பாய வழிவிட்டது. அது வெள்ளத்தடுப்புப் பணி அன்று என்பதால், 2009 நவம்பரில் அதே நீதிபதி படையைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தார். 2012 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. செப்டம்பரில் அதே நீதிமன்றம் தன் முடிவைத் தானே மாற்றிக்கொண்டது. கொள்கை முடிவெடுக்கும் உரிமை அரசுக்கு உண்டு, அதற்காக வழக்குத் தொடர முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். ஏழாண்டு காத்திருந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

10. ஆழிமழை:

அப்படியானால் அரசியலில் யார்தான் விலை கொடுத்தார்கள்?

11. கரையோரம்:

பிரௌன் பதவி விலகினார். 2005 செப்டம்பர் 13 அன்று புஷ், கூட்டரசு தன் வேலையைச் சரிவரச் செய்யாத அளவுக்குத் தாம் பொறுப்பேற்பதாகக் கூறினார். மறுநாள் பிளாங்கோவும் மாநிலத்தின் குறைகளுக்குப் பொறுப்பேற்றார். 2007இல் அவர் மீண்டும் போட்டியிடவில்லை. 2003இல் அவரிடம் தோற்றிருந்த, இந்திய வம்சாவளியினரான பாபி ஜிண்டால் அந்தப் பதவிக்கு வந்தார். நேகின் 2006 மே மாதம் மறுபடியும் வென்றார். பிறகு ஊழல் வழக்கில் 2014இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார், ஆனால் அது கத்ரீனாவின் ஐந்து நாள்களுக்காக அன்று.

இந்த மூவரைப் பற்றிக் கேட்டு இழையைத் தொடங்கியவன் நான். தாமதத்தைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. நீரில் மூழ்காமல் தப்பியும் தாகத்தாலும் வெப்பத்தாலும் மருந்தின்றியும் மாண்ட முதியோருக்கு அந்த ஐந்து நாள்களே எமன். ஆனால் கேள்வியைக் குறுகலாகக் கேட்டுவிட்டேன். வெகுகாலம் 1,833 என்று சொல்லப்பட்டு, 2023இல் தேசியச் சூறாவளி மையம் 1,392 எனத் திருத்திய இறப்புக் கணக்கில், நியூ ஆர்லியன்ஸில் இறந்தவர்களுள் பெரும்பாலோரின் வீட்டுக்குத் தண்ணீர் வந்ததே அந்தச் சுவர்கள் வழியாகத்தான். அவற்றை வடிவமைத்தவர்களின் பெயர் எந்த வாக்குச்சீட்டிலும் இல்லை. அதனால்தான் எந்தக் கட்சிக்கும் அவர்கள்மேல் பழி போடுவதில் ஆதாயம் இருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு 1,450 கோடி டாலர் செலவில் அதே படை புதிய கரைகளையும் கதவுகளையும் கட்டியது. 2021இல், அதே ஆகஸ்ட் 29 அன்று, ஐடா புயல் வந்தது. நகரம் முழுவதும் மின்சாரம் போயிற்று. புதிய கரைக்கு வெளியே இருந்த லாப்ளாஸில் வீடுகள் மூழ்கின. சுவர்கள் மட்டும் நின்றன. முல்லைநிலா குறிப்பிட்ட 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு இன்னும் அப்படியே நடைமுறையில் இருக்கிறது.